வீட்டு காக்பிட்டில் பல்புச் சூடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில்தான் என் 737 காக்பிட், அதாவது போயிங் 737 விமானி அறையின் மாதிரியாக வீட்டிலேயே கட்டிய சிமுலேட்டர். போன மே மாதம் ஒரு மதியம், தலைக்கு மேல் இருக்கும் ஓவர்ஹெட் பேனலில் இரண்டு விளக்கு மூடிகள் நடுவில் குழிந்துபோயிருந்தன. 'லோ பிரஷர்' (அழுத்தம் குறைவு) என்று அச்சடித்த ஓஎச்பி ஷீட், அதாவது கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள், அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. மூடியைத் தொட்டேன், விரல் பதிந்தது. மூன்று மணி நேரமாக பேனலுக்கு மின்சாரம் கொடுத்தபடியே வயரிங் பார்த்துக்கொண்டிருந்தேன். தவறு அதுதான்.

விமானம் தரையில் நிற்கும்போதுதான் மஞ்சள் விளக்குகள் அதிகம் எரியும். இன்ஜின் ஓடவில்லை, பம்புகள் ஓடவில்லை, அதனால் ஒவ்வொன்றும் அழுத்தம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். பறக்க ஆரம்பித்தபின் எல்லாம் சரியாக இருந்தால் பேனல் இருட்டாகிவிடும். வீட்டில் கட்டுகிற நாம் பறப்பதைவிட நின்ற நிலையில் வைத்துச் சோதிப்பதுதான் அதிகம். அதாவது, சூடு உச்சத்தில் இருக்கும் நிலையில்தான் நம் பேனல் நாள் முழுக்க இருக்கிறது. வயரிங் வேலை செய்யும்போது விளக்குகளை டிம்மில் போடுங்கள், அல்லது பல்பு சப்ளையை மட்டும் தனி சுவிட்ச் வைத்து அணையுங்கள். எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் எரியவிடும் லைட்ஸ் டெஸ்ட், பத்து விநாடிக்கு மேல் வேண்டாம்.

'கடுகு மாதிரி பல்புதானே' என்று நினைப்பது அடுத்த தவறு. பலரும் போடுகிற 387 எண் பல்பு 28 வோல்ட்டில் 0.04 ஆம்பியர் இழுக்கிறது. பெருக்கினால் 1.12 வாட். ஒரு விளக்குக்கு இரண்டு பல்பு, ஐம்பது விளக்கு என்றால் 112 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கேயும்.

இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. 3டி பிரிண்டரில் எல்லோரும் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக், 60 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். பல்பு எரிவதற்கு முன்பே அறை நாற்பதில் இருந்தால், மிச்சம் இருபதே டிகிரி. குளிர் நாட்டுக்காரர் ஒருவருக்கு பிஎல்ஏ தாங்கியது என்பதற்காக நமக்கும் தாங்கும் என்று நம்பாதீர்கள். பல்பைத் தொடும் பாகங்களுக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக் போடுங்கள், அது நூறு டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ஹோல்டரை க்ளூ கன்னால் ஒட்டவே வேண்டாம். பசை இளகி, பல்பு சாய்ந்து, மூடியின் மேலேயே போய்ப் படுத்துவிடும்.

வெளிச்சம் போதவில்லை என்று எஸ்எம்பிஎஸ்ஸின் (பல்புக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) குட்டி திருகைத் திருப்பி 30 வோல்ட் ஆக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அப்படிச் செய்தால் பல்பின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும், சூடு மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். நேர்மாறாகச் செய்யுங்கள். சாதாரண 24 வோல்ட் சப்ளையில் ஓட்டினால் வெளிச்சம் அறுபது சதவீதம் ஆகும், சூடு ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஆயுள் ஏறக்குறைய ஆறு மடங்கு கூடும். திரை போட்ட அறையில் அந்த வெளிச்சம் கண்ணுக்கு இதமாகவே இருக்கும்.

அப்புறம் ஃபேன். சூடான காற்று மேலே ஏறும். அதனால் வெளியே இழுக்கும் ஃபேன் பெட்டியின் மேல் பக்கம், காற்று நுழையும் வழி கீழ்ப் பக்கம். தூசி வருகிறதென்று பின்பக்கத்தை தெர்மாகோலால் அடைக்காதீர்கள், கொசுவலை போதும். எப்படி ஓட்டினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே ஃபேன் கொண்டுபோகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்ஈடிக்கு மாறிவிட்டால் கவலையில்லை என்பதும் பாதி உண்மைதான். 28 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் எல்ஈடி பல்பு 0.56 வாட் தின்கிறது. அதில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் ரெசிஸ்டரில் சூடாகப் போகிறது. 5 மில்லி ஆம்பியர் போதும். மஞ்சள் மூடிக்குப் பின்னால் நீலம் கலந்த கூல் ஒயிட் வேண்டாம், வார்ம் ஒயிட் போடுங்கள். பழைய பல்பின் நிறத்துக்கு அதுதான் கிட்டத்தில் வரும்.

கருகல் வாசனை வந்தால் பல்பை மட்டும் சந்தேகிக்காதீர்கள். குளிர்ந்த இழை எரியத் தொடங்கும் கணத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு கரன்ட் இழுக்கும். நான்கு பல்பு உள்ள ஒரு விளக்கை, விளக்குகளை ஏற்றி அணைக்கும் யூஎல்என்2003 சிப்பின் ஒரே காலில் மாட்டினால், 0.16 ஆம்பியர் அந்தக் கணத்தில் 1.6 ஆகிவிடும். அந்தக் கால் தாங்குவதோ 0.5. அங்கே அதிக கரன்ட் தாங்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் போடுங்கள்.

மார்கழிக் காலையில் சோதித்துவிட்டு 'சூடே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். மே மாத மதியம், பின்பக்கம் மூடிய நிலையில், நின்ற விமானமாக அரை மணி நேரம் எரியவிட்டு, மல்டிமீட்டரின் தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பி) மூடியின் உள்பக்கம் ஒட்டி அளக்க வேண்டும். எல்லா மூடியையும் ஏபிஎஸ்ஸுக்கு மாற்றி, 24 வோல்ட்டும் ஃபேனும் வைத்தபின் என் பேனல் அந்தச் சோதனையில் 54 டிகிரி காட்டியது.