டர்போ டீசல் டிரக்குக்கு ஸ்டால் ஸ்பீடு எவ்வளவு வைக்கலாம்?

ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கிற டார்க் கன்வெர்ட்டரை மாற்றப் போகிறீர்களா? ஸ்டால் ஸ்பீடு என்பது, வண்டியைக் கியரில் போட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் எட்டுகிற அதிகபட்ச ஆர்பிஎம். முதலில் உங்கள் டர்போ எத்தனை ஆர்பிஎம்மில் பூஸ்ட் (இன்ஜினுக்குக் கூடுதல் காற்றழுத்தம்) கொடுக்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். ஸ்டால் ஸ்பீடு அதை ஒட்டியோ சற்று மேலேயோ இருந்தால் போதும்.

ரொம்பக் குறைவாக இருந்தால், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் ஆர்பிஎம் ஏறாது. கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி மெல்ல நகரும். ரொம்ப அதிகமானால் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், கியர்பாக்ஸ் ஆயில் கொதிக்கும், டீசலும் வீணாகும். பெட்ரோல் ரேஸ் கார்களுக்குச் சொல்கிற 3000, 4000 கணக்கெல்லாம் இங்கே வேண்டாம். டீசலுக்கு 2000 ஆர்பிஎம் வாக்கிலேயே நல்ல இழுவை வந்துவிடும். பாரம் இழுக்கிற வண்டி என்றால், கம்பெனி கொடுத்த அளவுக்குப் பக்கத்திலேயே இருங்கள். பெரிய டர்போ போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் ஏற்றலாம்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: ஸ்டால் ஸ்பீடு கன்வெர்ட்டரில் அச்சடித்த எண் அல்ல. இன்ஜினின் டார்க் (சுழற்றும் விசை) கூடினால், அதே கன்வெர்ட்டர் இன்னும் அதிக ஆர்பிஎம்மில்தான் ஸ்டால் ஆகும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போது ட்யூன் செய்த பிறகு உள்ள டார்க், டர்போ அளவு, வண்டி எடை, டயர் அளவு, ஆக்சில் ரேஷியோ எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

அப்புறம், ஸ்டால் டெஸ்ட் (ஸ்டால் ஸ்பீடை அளந்து பார்ப்பது) செய்தால் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்து, 5 விநாடிக்குள் முடித்துவிடுங்கள். உடனே நியூட்ரலுக்கு மாற்றி, ஆயில் ஆறும்வரை இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள்.