போர் தொடுத்த நாடு ஏன் தோற்றது என்று ஆராய்வது எப்படி

படையெடுத்துச் சென்ற நாடே கடைசியில் மண்ணைக் கவ்விய பெரும்போர்களைப் பற்றிப் படிப்பவர்களில் பலரும் முதலில் புரட்டுவது போர்க்களத்தின் கதையைத்தான். மார்ன், ஸ்டாலின்கிராடு, மிட்வே என்று திருப்புமுனைச் சண்டைகளின் பெயர்கள் வரிசையாக வரும். எந்தத் தளபதி எந்தப் பக்கம் திரும்பியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்ற வாதம் உடனே தொடங்கிவிடும். அந்த வழியில் போனால் ஒரு சண்டையைத் தோற்ற காரணம் கிடைக்குமே தவிர, போரைத் தோற்ற காரணம் கிடைக்காது. பெரும்பிழை அநேகமாக முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே, ஒரு கூட்ட அறையில், காகிதத்தின் மீது நடந்து முடிந்திருக்கும். அதைத் தேடிப் பிடிக்கும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். போர் தொடங்கிய நாளன்று அந்த அரசுக்குத் தெரிந்திருந்தவற்றை இடப்பக்கமும், பின்னால் தெரியவந்தவற்றை வலப்பக்கமும் எழுத வேண்டும். முடிவு தெரிந்த நமக்கு எல்லாமே முட்டாள்தனமாகத் தோன்றும் என்பதால் இந்தக் கோடு அவசியம். இடப்பக்கத்தில் ஆதாரம் இருப்பதை மட்டுமே பிழை என்று சொல்லுங்கள். வலப்பக்கத்தில் மட்டும் இருப்பதை, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எதிர்பாராத் திருப்பம் என்றே எழுதுங்கள்.

அடுத்து, இந்தப் போர் எப்படி முடியும் என்று தொடுத்தவர்கள் எழுதி வைத்திருந்தார்களா என்று தேடுங்கள். எல்லாக் கேள்விகளிலும் முதன்மையானது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. முதல் அடியை எப்படி அடிப்பது என்பதற்கு மணிக்கணக்கு, நிமிடக்கணக்கு வரை திட்டம் வைத்திருந்த அரசுகள், எதிரி எந்தக் கட்டத்தில், எதற்காகச் சமாதானத்துக்கு இணங்குவான் என்பதற்கு ஒரு பக்கம்கூட உருப்படியாக எழுதாமல் போருக்குப் போயிருக்கின்றன.

ஜப்பான் தொடுத்த இரண்டு போர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது துலங்கும். 1904 பிப்ரவரியில் ரஷ்யாவைத் தாக்கிய கையோடு, ஹார்வர்டில் படித்த கானெகோ கென்டாரோவை ஜப்பானிய அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. அமெரிக்க மக்களின் நல்லெண்ணத்தைப் பெறுவதும், குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுடன் நெருக்கமாக இருப்பதும் அவருடைய வேலை. 1905 செப்டம்பரில் ரூஸ்வெல்ட்டின் நடுவாண்மையில் போர்ட்ஸ்மவுத் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆளும் பணமும் தீர்ந்துகொண்டிருந்த ஜப்பான், வென்றவன் என்ற பெயரோடு வெளியேற முடிந்ததற்குக் காரணம், வாசலை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்ததுதான்.

1941-இல் அந்த வாசல் இல்லை. நவம்பர் 15 அன்று டோக்கியோவில் அரசும் படைத்தலைமையும் கூடி ஏற்றுக்கொண்ட, போரை விரைந்து முடிப்பதற்கான வரைவைப் பாருங்கள். ஜெர்மனியும் இத்தாலியும் துணைநிற்க பிரிட்டன் பணியும், அதைப் பார்த்து அமெரிக்கா போரைத் தொடரும் மனவுறுதியை இழக்கும் என்பதே அதன் சாரம். அமெரிக்காவை நேரடியாகப் பணியவைக்கும் வழி அதில் இல்லை. டிசம்பர் 5 அன்று மாஸ்கோவின் முன்னால் சோவியத் ஒன்றியத்தின் செம்படை ஜெர்மானியர் மீது எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. மாஸ்கோவில் நடப்பதன் முழுப்பொருள் டோக்கியோவுக்கு அன்றே புரிந்திருக்க முடியாது என்பதால் அதை வலப்பக்கம் எழுதலாம். ஆனால் தன் போரின் முடிவை வேறொரு நாட்டின் வெற்றியில் கட்டி வைத்தது ஐயத்துக்கிடமின்றி இடப்பக்கத்துக்கு உரியது.

இதே கேள்வியை வென்ற போர்களிடமும் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் முறை சரியா என்று சோதிக்க வழியில்லை. 1866 ஜூலை 3 அன்று கோனிக்கிராட்ஸில் ஆஸ்திரியப் படையை முறியடித்த பிறகு, வியன்னாவுக்கே போய்விடலாம் என்று பிரஷ்யாவின் மன்னரும் தளபதிகளும் விரும்பினார்கள். பிரஷ்யாவின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் அவர்களோடு மல்லுக்கட்டி, ஆஸ்திரியாவின் சொந்த மண்ணில் ஓரடிகூடத் தனக்கென எடுக்காமல் போரை முடித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து பிரஷ்யா பிரான்சுடன் மோதியபோது ஆஸ்திரியா ஒதுங்கி நின்றது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது காலக்கணக்கு. போர் எத்தனை வாரம் நடக்கும் என்று நினைத்தார்கள், அதற்கு மேல் போனால் எதைக் கொண்டு நடத்துவதாக இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1941 ஜூன் 22 அன்று சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்த ஜெர்மானியப் படை, நீப்பர் ஆற்றுக்கு மேற்கிலேயே செம்படையை அழித்துவிட வேண்டும் என்று திட்டமிட்டிருந்தது. அதற்கு அப்பால் நீண்ட காலம் படைக்குத் தீனிபோட வழிவகை போதவில்லை. சோவியத் தண்டவாளம் ஜெர்மானியத் தண்டவாளத்தைவிட ஏறத்தாழ 9 செ.மீ. அகலமானது என்பதால் பிடித்த பாதையை எல்லாம் மாற்றிப் போட வேண்டியிருந்தது. இயந்திரப் படை என்று பெயரெடுத்த அந்தச் சேனையோடு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் போயின என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

தரைப்படைத் தலைமை அதிகாரி பிரான்ஸ் ஹால்டரின் நாட்குறிப்பு இந்த இடத்தில் பெரிதும் உதவும். ஜூலை 3 அன்று, ரஷ்யாவுக்கு எதிரான போர் பதினான்கு நாளில் வெல்லப்பட்டுவிட்டது என்று சொன்னால் மிகையாகாது என்கிற தொனியில் எழுதுகிறார். ஆகஸ்ட் 11 அன்றோ, எதிரியிடம் சுமார் 200 டிவிஷன்கள் (ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட படைப்பிரிவுகள்) இருக்கும் என்று நினைத்தோம், இப்போதே 360 வரை எண்ணிவிட்டோம் என்று குறிக்கிறார். அப்போது கோடைக்காலம், பனியின் வாடையே இல்லை. ரஷ்யக் குளிர்காலமே ஜெர்மனியை வீழ்த்தியது என்று யாராவது சொன்னால் இந்த ஆகஸ்ட் பதிவைக் காட்டுங்கள். 1812-இல் நெப்போலியனின் முதன்மைப் படையிலும் பெரும்பகுதி மாஸ்கோவை எட்டும் முன்பே, வெயிலிலும் நோயிலும் பசியிலும் கரைந்துவிட்டிருந்தது. குளிர்காலம் ஆண்டுதோறும் வருவது. அதைக் கணக்கில் சேர்க்காதது மனிதர்களின் செயல்.

மூன்றாவது, எதிரிகளின் எண்ணிக்கை. போர் தொடங்கியபோது எத்தனை நாடுகள் எதிரே நின்றன, முடியும்போது எத்தனை, புதிதாகச் சேர்ந்தவர்களைச் சேரவைத்தது யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். 1914-இல் பிரான்சை விரைவில் வீழ்த்துவதற்காக, 1839 முதல் உடன்படிக்கையால் காக்கப்பட்ட பெல்ஜியத்தின் நடுநிலையை ஜெர்மனி மிதித்தது. ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. 1941 டிசம்பர் 11 அன்று ஹிட்லர் அமெரிக்கா மீது போர் அறிவித்தார். கூட்டாளியை யாராவது தாக்கினால் மட்டுமே உதவ வேண்டும் என்று ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் செய்துகொண்ட முத்தரப்பு ஒப்பந்தம் சொன்னது. இங்கே தாக்கியதே ஜப்பான் என்பதால் ஜெர்மனிக்கு அந்தக் கடமைகூட இல்லை.

இவற்றைவிடப் பாடம் நிறைந்தது 1917. அதற்கு முந்தைய டிசம்பரில் ஜெர்மானியக் கப்பற்படைத் தலைமையதிகாரி ஹோல்ட்செண்டார்ப் ஒரு விரிவான குறிப்பு தந்தார். கட்டுப்பாடின்றி நீர்மூழ்கிக் கப்பல்களை ஏவினால் மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடிக்கலாம். நடுநிலை நாட்டுக் கப்பல்கள் அஞ்சி விலகும். கோதுமை விளைச்சல் மோசமாக இருந்த ஆண்டு என்பதால் ஐந்து மாதத்தில் பிரிட்டன் பணியும் என்று அது கணக்குக் காட்டியது. அமெரிக்கா போரில் இறங்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1917 ஜனவரி 9 அன்று பிளெஸ் நகரில் ஜெர்மானியத் தலைமை கூடிய கூட்டத்தில், ஒரு அமெரிக்கன்கூட ஐரோப்பியக் கரையில் கால்வைக்க மாட்டான் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

அந்தக் குறிப்பின் எண்ணிக்கை பொய்க்கவில்லை. ஏப்ரலில் மூழ்கிய கப்பல்கள் 8,50,000 டன்னுக்கும் மேல். இலக்கைத் தாண்டியே விட்டார்கள். ஆனால் எதிரி கைகட்டிக்கொண்டு நிற்பான் என்ற அனுமானம் பொய்த்தது. பிரிட்டன் கப்பல்களைக் காவலோடு கூட்டமாக அனுப்பத் தொடங்கியது. மேய்ச்சல் நிலங்களை உழுது பயிரிட்டது. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போர் அறிவித்தது; 1918 நவம்பரில் ஏறத்தாழ 20 லட்சம் அமெரிக்க வீரர்கள் பிரான்சில் இருந்தார்கள். எனவே ஒரு திட்டத்தைப் படிக்கும்போது எண்களைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் எதிரி என்ன செய்வான் என்று எழுதாமலே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது என்பதைத் தோண்டி எடுங்கள்.

நான்காவதாக, வேண்டாம் என்று சொன்னவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று தேடுங்கள். இடப்பக்கத்தை நிரப்புவதற்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது. 1941 கோடையில் ஜப்பானிய அரசின் முழுப்போர் ஆய்வு நிறுவனத்தில், அமைச்சகங்களிலிருந்தும் படைகளிலிருந்தும் தொழில் நிறுவனங்களிலிருந்தும் வந்த இளம் அதிகாரிகள் ஒரு மாதிரி அமைச்சரவை அமைத்து, அமெரிக்காவுடன் போர் நடந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். தொடக்கத்தில் வெற்றி, பிறகு நீண்ட போர், கப்பலும் எண்ணெயும் தீர்தல், கடைசியில் சோவியத்தும் எதிராக இறங்குதல், தோல்வி என்பதே அவர்களுடைய முடிவு. ஆகஸ்ட் இறுதியில் அதைக் கேட்ட போர் அமைச்சர் டோஜோ, இது மேசை மீது நடத்திய ஆய்வு, உண்மைப் போர் இப்படி நடக்காது, ரஷ்யாவுடன் மோதியபோதும் வெல்வோம் என்று நினைத்தா இறங்கினோம் என்ற பொருளில் பதில் சொன்னார். கானெகோவின் பயணம் அவர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. தென்கிழக்கு ஆசியாவின் எண்ணெய்க் கிணறுகள் ஜப்பானின் கைக்கு வந்த பிறகும், அந்த எண்ணெயைக் கொண்டுவரும் கப்பல்களைக் காக்க ஒரு தலைமைக் கட்டளையகம் அமைக்க 1943 நவம்பர் ஆனது.

கேட்க விரும்பாத விடையைத் திருத்தி எழுதும் பழக்கம் அடுத்த ஆண்டு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 1942 மே மாதம் யமாடோ போர்க்கப்பலில் பசிபிக் கடலில் அமெரிக்கா வைத்திருந்த மிட்வே தீவைத் தாக்குவதற்கான ஒத்திகை நடந்தது. நடுவர் பகடை உருட்டியதில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் மீது ஒன்பது குண்டுகள் விழுந்ததாகக் கணக்கு வந்தது. அகாகி, காகா இரண்டும் மூழ்கின. ஒத்திகையை நடத்திய கடற்படை அதிகாரி உகாகி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார், அகாகி பிழைத்தது. அடுத்த கட்ட ஒத்திகையில் மூழ்கிய காகாவும் மீண்டு வந்து நின்றது. ஜூன் 4 அன்று உண்மைக் கடலில் இரண்டும் குண்டுபட்டு எரிந்தன. மிட்வேயைத் தோல்வியின் காரணமாக அல்லாமல், அதே நோயின் அறிகுறியாகவே நான் படிக்கிறேன்.

ஐந்தாவது கேள்வி சுருக்கமானது: பிடித்த மண்ணின் மக்களுக்கு என்ன வைத்திருந்தார்கள்? சோவியத் நிலத்தின் விளைச்சலைப் பிடுங்கிக் கோடிக்கணக்கானவர்களைப் பட்டினியில் சாகவிடும் திட்டத்தை ஜெர்மானிய அதிகாரிகள் படையெடுப்புக்கு முன்பே வகுத்திருந்தார்கள். ஸ்டாலின் ஆட்சியை வெறுத்து, வந்தவர்களை வரவேற்ற உக்ரேனியக் கிராமங்களும் சில மாதங்களில் எதிராகத் திரும்பின. சோவியத் ஒன்றியத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் பேர். இதை உத்திப்பிழை என்று மட்டும் எழுதி நிறுத்திவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அது குற்றம், அந்தக் குற்றமே பிழையாகவும் ஆனது என்று எழுதுங்கள்.

பழகிப் பார்ப்பதற்கு ஈரான் மீது ஈராக் தொடுத்த போரை எடுத்துக்கொள்ளலாம். தாளின் தலைப்பில் 1980 செப்டம்பர் 22 என்று எழுதுங்கள். புரட்சியால் ஈரானியப் படை குலைந்திருந்தது, ஆயுதம் தந்த அமெரிக்கா விலகியிருந்தது, இரு நாட்டு எல்லையை வகுத்த 1975 அல்ஜியர்ஸ் உடன்படிக்கையை ஈராக்கின் அதிபர் சதாம் உசேன் ஐந்து நாள் முன்பு செல்லாது என்று அறிவித்திருந்தார் என்பவை இடப்பக்கம் வரும். ஈரானின் எல்லை மாகாணமான குஜஸ்தானின் அரபு மக்கள் ஈராக்குக்காகக் கிளர்ந்தெழவில்லை என்பது வலப்பக்கம். அவர்கள் எழுவார்கள் என்ற நம்பிக்கைக்கு அன்று என்ன ஆதாரம் இருந்தது என்பதை நீங்கள் தேட வேண்டும். போர் 1988 ஆகஸ்ட் வரை நீண்டது. தாளின் அடியில் ஒரு தேதிக்கு இடம் விட்டு வையுங்கள்: 1990 ஆகஸ்ட் 15. குவைத்தைப் பிடித்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், எல்லைப் படைகளை விடுவித்துக்கொள்வதற்காக, அதே 1975 உடன்படிக்கையை மீண்டும் ஏற்றுக்கொள்வதாகச் சதாம் ஈரானுக்கு எழுதிய நாள் அது.