பக்கவாதத்துக்குப் பின் படி ஏற, இறங்க
ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பாதித்த கால் முதலில். உடலைத் தூக்குவதும் மெல்ல இறக்குவதும் வலுவுள்ள காலின் வேலை. ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதமும் சேர்ந்த பிறகே அடுத்த படி.

பல வீடுகளில் கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கும். ஏறும்போது நல்ல கைக்கு எட்டியது, இறங்கும்போது தளர்ந்த கைப்பக்கம் போய்விடும். அப்போது அதே நல்ல கையால் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கலாம். இதை முதலில் பிசியோதெரபிஸ்ட் உடனிருக்கப் பழக வேண்டும். துணைக்கு வருபவர் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு படி கீழே, பாதித்த பக்கமாக நிற்கட்டும். தயவுசெய்து தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவக்கூடும்; இடுப்பில் தாங்குங்கள்.

பாதம் தொங்கினால் விரல் நுனி படி விளிம்பில் தட்டும். ஹவாய் செருப்பு வேண்டாம். குதிகால் வார் உள்ளதே நல்லது.