5 டாலர் உரிமம்: ஆவணமில்லாதோருக்கு வீடு மறுக்கும் அமெரிக்க ஊர்ச் சட்டங்களும் அவற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

முதலில் ஊர்ப் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். "ஃப்ரீமாண்ட்டில் பேப்பர் இல்லாதவர்களுக்கு வாடகை வீடு கிடையாதாம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றினால், அது நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் கலிபோர்னியா ஃப்ரீமாண்ட் அல்ல. நெப்ராஸ்காவில், ஒமாஹாவுக்கு வடமேற்கே, சுமார் 27,000 பேர் வாழும் வேறொரு ஃப்ரீமாண்ட். பெயர் ஒன்றுதான், சட்டம் நேர் எதிர். நெப்ராஸ்கா ஊரில் வாடகைக்குக் குடிவருமுன் போலீஸ் துறையில் உரிமம் வாங்க வேண்டும். கலிபோர்னியாவிலோ, வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் குடியேற்ற நிலையை விசாரிக்கவே மாநிலச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அரசு மானிய வீடு, அடையாளச் சரிபார்ப்பு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ஆகவே இந்த விஷயத்தில் "அமெரிக்காவில் இப்படி" என்று தொடங்கும் எந்த வாக்கியமும் பெரும்பாலும் தவறாகத்தான் முடியும். மாநிலம் எது, ஊர் எது, அந்த மாநிலம் எந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வருகிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் மேலே பேச முடியும்.

நிறைவேறியதை அமலானதாக எண்ணுவது

இந்த அலையைத் தொடங்கிவைத்தது பென்சில்வேனியாவின் ஹேசல்டன். 2006 ஜூலையில், லூ பார்லெட்டா மேயராக இருந்தபோது, ஆவணமில்லாதோருக்கு வேலையும் வீடும் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு குடித்தனக்காரரும் 10 டாலர் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாதவரைக் குடிவைத்தால் வீட்டுக்காரருக்குத் தலைக்கு 1,000 டாலர் அபராதம், அதற்கு மேலும் நாளுக்கு 100 டாலர். நாடு முழுக்கச் செய்தியானது. ஆனால் அந்தச் சட்டம் ஒருநாள்கூட அமலுக்கு வரவில்லை. நவம்பர் 1 அன்று தொடங்க வேண்டியதை அதற்கு முந்தைய நாளே ஃபெடரல் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2007 ஜூலையில் நீதிபதி ஜேம்ஸ் மன்லி சட்டத்தையே ரத்து செய்தார்.

வாக்கெடுப்பில் ஜெயித்தால் தீர்ந்தது என்று நினைப்பதும் இதே வகைத் தவறுதான். டெக்சாஸில் டாலஸை ஒட்டிய ஃபார்மர்ஸ் பிராஞ்சில் 2007 மே மாதம் 68 சதவீதத்தினர் ஆதரித்து வாக்களித்தார்கள். அதே மாதத்தில் நீதிமன்றம் தடை போட்டது. ஊர் மக்களின் பெரும்பான்மை ஃபெடரல் சட்டத்துக்கு மேலே நிற்காது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அமலாகாத சட்டமும் ஊரைக் காலி செய்யும். நியூஜெர்சியின் ரிவர்சைட் சிற்றூரில் 2006-ல் இப்படி ஒரு சட்டம் வந்தது, அமல்படுத்தவே இல்லை. ஆனாலும் பிரேசிலிலிருந்து வந்து குடியேறியவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள், கடைத்தெருவில் கடைகள் மூடின. 2007 செப்டம்பரில் ஊரே சட்டத்தைத் திரும்பப் பெற்றது.

"சட்டப்படி இருப்பவர்", "இல்லாதவர்" என இரண்டே கட்டம் போடுவது

மற்ற எல்லாத் தவறுக்கும் இதுதான் தாய்த் தவறு. குடியேற்ற நிலை என்பது சுவிட்ச் போல் போட்டால் எரிந்து, அணைத்தால் அணையும் விஷயம் அல்ல. தஞ்சம் கேட்டு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர் வேலை அனுமதி அட்டை வைத்திருப்பார். சிறுவயதில் அழைத்துவரப்பட்டு, 'டாக்கா' திட்டத்தில் இருப்பவருக்கு முழுமையான சட்ட நிலை கிடையாது, ஆனால் அரசே அவரை வெளியேற்றாமல் தள்ளிவைத்திருக்கிறது. விசாக் காலம் கடந்த ஒருவர் குடியேற்ற நீதிபதி முன் வாதாடி, தங்கும் உரிமையே பெற்றுவிடலாம். வெளியேற்ற வேண்டியவர் யார் என்பதை முடிவு செய்வது ஃபெடரல் அமைப்பின் வேலை. கட்டட ஆய்வாளரும் நகரமன்ற எழுத்தரும் அதை எப்படிச் செய்வார்கள்?

ஃபார்மர்ஸ் பிராஞ்ச் இதில் சறுக்கிய விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 2007 ஜனவரியில் கொண்டுவந்த 2903-ஆம் எண் சட்டம், அபார்ட்மென்ட்டில் யார் குடியிருக்கலாம் என்பதற்குச் சொந்தமாக வரையறை எழுதவில்லை. ஃபெடரல் வீட்டுவசதித் துறையான 'ஹட்' வைத்திருந்த பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டது. அந்தப் பட்டியல் எதற்காக எழுதப்பட்டது? அரசின் வாடகை மானியம் யாருக்குத் தரலாம் என்பதற்காக. கிரீன் கார்டு வைத்திருப்பவர், அகதி போன்றோர் அதில் உண்டு. எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவரும் எச்-1பி விசாவில் வேலை செய்யும் பொறியாளரும் இல்லை, ஏனென்றால் தற்காலிகமாக வந்தவருக்கு மானியம் எதற்கு என்பது அதன் கணக்கு. விளைவு: முறையான விசாவோடு வந்து, வரி கட்டி, முழு வாடகையும் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கும் அந்த ஊர் அபார்ட்மென்ட்டில் இடமில்லை என்று சட்டத்தின் எழுத்து சொன்னது. யாரைத் தடுக்க எழுதினார்களோ அவரைத் தாண்டி, ஹைதராபாத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் டாலஸுக்குப் போன ஐ.டி. ஊழியரையும் அது பிடித்தது. மானியத் தகுதியும் குடியிருக்கும் உரிமையும் ஒன்றல்ல. நீதிபதி சாம் லிண்ட்சே 2008-ல் அதை ரத்து செய்தார்.

அதற்குள் ஊர் இரண்டாவது சட்டம் போட்டிருந்தது: எண் 2952, 5 டாலர் குடியிருப்பு உரிமம், இம்முறை தனிவீடுகளும் சேர்த்து. அதுவும் 2010-ல் வீழ்ந்தது. 2013 ஜூலையில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் (சில மாநிலங்களைச் சேர்த்து ஒரு 'வட்டம்' என்பார்கள், அதற்கான ஃபெடரல் நீதிமன்றம்) முழு அமர்வும் ஊருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

நெப்ராஸ்கா சட்டத்தைப் படிக்காமலே பேசுவது

ஃப்ரீமாண்ட் மட்டும் நீதிமன்றத்தில் தப்பியது. 2010 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 5165-ஆம் எண் சட்டம் அது. எட்டாம் வட்ட நீதிமன்றம் 2013-ல் அதற்கு அனுமதி தந்தது. 2014 பிப்ரவரியில் வீட்டுப் பகுதியை நீக்கலாமா என்று மறுபடி வாக்கெடுப்பு நடத்தியும் மக்கள் அதை வைத்துக்கொண்டார்கள். "அங்கே போலீஸ் வந்து வீட்டைவிட்டுத் துரத்துகிறது" என்று சொல்வோரும், "கடுமையான சட்டம், வேலை செய்கிறது" என்று மெச்சுவோரும் நடைமுறையை வாசித்ததாகத் தெரியவில்லை. நடைமுறை இதுதான்:

வாடகைக்கு வரும் ஒவ்வொரு பெரியவரும் போலீஸ் துறையில் படிவம் நிரப்பி 5 டாலர் கட்ட வேண்டும். குடிமகனா, இல்லையா என்று எழுத வேண்டும். குடிமகன் அல்லாதவர் தன் குடியேற்ற அடையாள எண்ணைத் தர வேண்டும், அல்லது அப்படி எண் ஏதும் எனக்குத் தெரியாது என்று எழுதலாம். படிவம் முழுமையாக இருந்தால் உரிமத்தை உடனே கொடுத்துவிட வேண்டும். சோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான். போலீஸ் துறை ஃபெடரல் அரசிடம் விவரம் கேட்கும். "சட்டப்படி இங்கு இல்லாதவர்" என்று பதில் வந்தால் குறை நோட்டீஸ் போகும், 60 நாள் அவகாசம். அது முடிந்ததும் இரண்டாம் முறை கேட்க வேண்டும். அதே பதில் வந்தால் உரிமம் ரத்து, அதுவும் 45 நாள் கழித்துத்தான் அமலாகும். ஆகக் குறைந்தது 105 நாள். ஃபெடரல் அரசு உறுதியாகச் சொல்லாவிட்டால் போலீஸ் மேற்கொண்டு எதுவும் செய்யக் கூடாது.

ஓட்டை எங்கே என்று பார்த்தீர்களா? விசாவில் வந்து காலம் கடந்தவரின் பெயர் ஃபெடரல் கணினியில் இருக்கும், அவர் மாட்டுவார். எந்தப் பதிவும் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவரைப் பற்றி உறுதியான பதில் வருவது கடினம். யாரைக் குறிவைத்து ஓட்டு போட்டார்களோ அவர்கள்தான் வலைக்கு வெளியே நிற்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று: சட்டம் ஊர் எல்லைக்குள் மட்டும்தான். குடியேறிகளுக்கு வேலை தரும் பெரிய இறைச்சி ஆலையோ எல்லைக்கு வெளியே இருக்கிறது.

ஒரு தீர்ப்பை நாடு முழுக்க விரிப்பது

எட்டாம் வட்டத் தீர்ப்பு நெப்ராஸ்கா, அயோவா, மிசோரி, மினசோட்டா, ஆர்கன்சாஸ், இரு டகோட்டாக்கள் ஆகிய ஏழு மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும். டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பிக்கு ஐந்தாம் வட்டம். பென்சில்வேனியா, நியூஜெர்சி, டெலவேருக்கு மூன்றாம் வட்டம். அந்த இரண்டும் எதிர்த்தே தீர்ப்பளித்தவை. உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஹேசல்டன், ஃபார்மர்ஸ் பிராஞ்ச் வழக்குகளையும், மே மாதத்தில் ஃப்ரீமாண்ட் வழக்கையும் விசாரணைக்கு எடுக்கவில்லை. எடுக்காதது ஒப்புதல் ஆகாது, மறுப்பும் ஆகாது.

ஆவணமில்லாதோரை வேலைக்கு வைக்கும் முதலாளியின் தொழில் உரிமத்தைப் பறிக்கும் அரிசோனா சட்டத்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்ததும், வீட்டுச் சட்டங்களுக்கும் கதவு திறந்தது என்று பலர் குதித்தார்கள். ஹேசல்டன் வழக்கு மூன்றாம் வட்டத்துக்கே மறுபரிசீலனைக்குத் திரும்பிப் போனது. 2013-ல் வீட்டுப் பகுதி மறுபடி வீழ்ந்தது. வேலை கொடுப்பதைத் தடுக்க நாடாளுமன்றம் தானே சட்டம் போட்டிருக்கிறது, தொழில் உரிமம் விஷயத்தில் மாநிலங்களுக்கு இடமும் விட்டிருக்கிறது. வீட்டு வாடகைக்கு அப்படி எதுவும் இல்லை.

வீட்டுக்காரர்கள் செய்வது

"வாடகைக்கு விட்டால் நானே குற்றவாளி ஆகிவிடுவேன்" என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆவணமில்லாதவரை மறைத்துவைப்பது ஃபெடரல் குற்றம்தான். ஆனால் எல்லோருக்கும் போல வாடகைக்கு விடுவது மட்டுமே மறைத்துவைப்பதாகாது என்று மூன்றாம் வட்டமும் நான்காம் வட்டமும் சொல்லியிருக்கின்றன. வெர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸில் ஒரு டிரெய்லர் வீட்டு வளாகம், குத்தகைக்காரரிடம் மட்டும் கேட்டுவந்த ஆவணத்தை வீட்டிலுள்ள எல்லாப் பெரியவர்களிடமும் கேட்கத் தொடங்கியது. காரணமாகச் சொன்னது இந்தப் பயத்தைத்தான். 2024-ல் நான்காம் வட்டம் அந்தச் சாக்கை ஏற்கவில்லை.

"எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டேன், பாகுபாடு எங்கே?" என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. 1968-ன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் பூர்வீக நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பொதுவிதியாக இருந்தாலும் அதன் அடி ஒரு பிரிவினர்மேல் மட்டும் விழுந்தால் வழக்கு வரும். பேச்சில் வேற்று வாடை அடித்தால் மட்டும் ஆவணம் கேட்பவர் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். போர்ட்டோ ரிக்கோக்காரர் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன் என்பதுகூடத் தெரியாமல் "விசா காட்டு" என்று கேட்டவர்கள் உண்டு.

ஆவணத்தைத் தப்பாகப் படிப்பது தனிக்கதை. பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை நாட்டுக்குள் நுழைய மட்டும்தான். அது காலாவதியானாலும் தங்கும் உரிமை போய்விடாது. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை ஐ-94 பதிவு சொல்லும். எஃப்-1 மாணவரின் ஐ-94-ல் தேதிக்குப் பதிலாக 'டி/எஸ்' என்று இருக்கும். படிப்பு நீடிக்கும்வரை என்று பொருள். நீட்டிப்புக்கு உரிய காலத்தில் விண்ணப்பித்த எச்-1பி ஊழியர், பழைய தேதி முடிந்தபின்னும் 240 நாள் வரை அதே முதலாளியிடம் வேலையைத் தொடரலாம். பழைய தேதியை மட்டும் பார்க்கும் வாடகை அலுவலகத்தில் இவர் 'காலாவதி' ஆகிவிடுவார். அப்படி மறுத்தால், வாக்குவாதம் செய்யாமல் ஐ-94 பிரதியையும், நீட்டிப்பு விண்ணப்பம் பெற்றதற்கான ஐ-797 ரசீதையும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பி, மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

கொல்லைப்புறமாக நுழைவது

குடியேற்ற நிலை என்ற சொல்லே வராமல் 'குடும்பம்' என்பதற்கு வரையறையைச் சுருக்குவது சில ஊர்களின் வழி. வெர்ஜீனியாவின் மனாசஸ் 2005 டிசம்பரில் அப்படிச் செய்தது. நெருங்கிய உறவினர் மட்டுமே ஒரே வீட்டில் இருக்கலாம் என்றது. அத்தை, சித்தப்பா, அக்கா மகன் எல்லாம் வெளியே. ஒரு மாதத்திலேயே நிறுத்திவைத்தார்கள். பேரனைக்கூட விலக்கிய வரையறையை உச்ச நீதிமன்றம் 1977-லேயே, ஈஸ்ட் கிளீவ்லாண்ட் வழக்கில், அடித்துத் தள்ளியிருந்தது. ஆள் நெரிசல்தான் கவலை என்றால் சதுர அடிக்கு இத்தனை பேர் என்று விதி போடலாம். உறவுமுறையை எண்ணத் தொடங்கினால் வழக்கு நிச்சயம்.

செலவுக் கணக்கை விட்டுவிடுவது

ஊர் தோற்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணமும் பெரும்பாலும் ஊர்தான் கட்ட வேண்டும். குடிமை உரிமை வழக்குகளுக்கான ஃபெடரல் சட்டம் அப்படி. கலிபோர்னியாவின் எஸ்கண்டிடோ 2006 அக்டோபரில் சட்டம் போட்டது, டிசம்பரிலேயே கைவிட்டு, 90,000 டாலரோடு தப்பியது. கடைசிவரை போராடிய ஹேசல்டனுக்கு எதிர்த்தரப்புக்கு மட்டும் 14 லட்சம் டாலர். ஃபார்மர்ஸ் பிராஞ்சுக்கு மொத்தச் செலவு 60 லட்சத்தைத் தாண்டியது. ஹேசல்டன், ஃபார்மர்ஸ் பிராஞ்ச், ஃப்ரீமாண்ட் மூன்றுக்கும் வாதாடியவர் ஒருவரே, கிரிஸ் கோபாக். ஹேசல்டன் சட்டம்கூட, கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் கரையேறாத ஒரு வரைவைப் பார்த்து எழுதியதுதான். இத்தனைக்கும் பிறகு, 2020 கணக்கெடுப்பில் ஹேசல்டன் மக்களில் பாதிக்கு மேல் லத்தீனோக்கள்.