பந்தல் அவரையை ஆனியிலேயே பூக்க வைக்கலாம்: வீட்டிலேயே ரகம் உருவாக்கும் முறை

ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை ஐப்பசி, கார்த்திகை வரை வெறும் கொடியாகவே படரும். உரம் போதவில்லை என்று நினைத்து மீன் அமிலத்தை ஊற்றிக்கொண்டே இருப்போம். காரணம் உரமல்ல, பகலின் நீளம். சென்னையில் ஜூன் மாதப் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம். பகல் சுருங்கினால்தான் பந்தல் அவரை பூக்கும். செடி அவரைக்கு அந்தக் கணக்கில்லை, 45 நாளில் பூத்துவிடும். அந்த வேகத்தைப் பந்தல் அவரையின் ருசியோடு சேர்ப்பதுதான் நம் வேலை.

1. இரண்டையும் ஒன்றாகப் பூக்க வையுங்கள். பந்தல் அவரையை ஆடியிலும் செடி அவரையை ஐப்பசிக் கடைசியிலும் ஊன்றினால், மார்கழியில் இரண்டிலும் பூ இருக்கும். செடி அவரைதான் தாய். அது வெள்ளைப் பூவாகவும் பந்தல் அவரை ஊதாப் பூவாகவும் இருந்தால் மிகவும் நல்லது.

2. மாலையில் செடி அவரையின் மொட்டைத் திறவுங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டாகப் பாருங்கள்: பருத்திருக்கும், நுனியில் இதழ் எட்டிப்பார்க்கும், ஆனால் விரிந்திருக்காது. கூர்மையான இடுக்கியால் மேலிதழை விலக்கினால் உள்ளே யானைத் தந்தம்போல் வளைந்த மெல்லிய படகிதழ் தெரியும். அதை மெதுவாகக் கீறி, பத்து மகரந்தப் பைகளையும் எண்ணி எடுத்துவிடுங்கள். ஒன்று தங்கினாலும் தன் மகரந்தமே ஒட்டிக்கொள்ளும். நடுவிலுள்ள சூல்தண்டு முறியக்கூடாது. முறிந்தால் அந்த மொட்டை விட்டுவிடுங்கள். முடிந்ததும் சிறு வலைப் பையால் மூடுங்கள். பெரிய கருவண்டுக்கு அவரைப் பூ என்றால் உயிர்.

3. காலையில் பந்தல் அவரைப் பூவின் மகரந்தத்தை, முந்தின மாலை திறந்த மொட்டின் சூல்முடியில் (சூல்தண்டின் நுனியில்) தடவி, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். பத்துப் பூவுக்கு இரண்டு காய் நின்றாலும் போதும்.

4. முதல் தலைமுறை. இங்கேதான் நான் முதல் முறை தவறினேன். அந்த விதையை ஆடியில் ஊன்றினேன். சில செடிகள் 45 நாளில் வெள்ளையாகப் பூத்தன. மற்றவை கொடி ஓடி, பூக்காமல் நின்றன. பூக்காததைப் பிடுங்கிவிட்டேன். உண்மையில் அவைதான் இரண்டும் கலந்த கலப்பினச் செடிகள்! கொடி ஓடும் குணமும் தாமதமும் ஊதா நிறமும் மேலோங்கி நிற்பவை. சீக்கிரம் பூக்கும் குணம் பெரும்பாலும் உள்ளே ஒளிந்துகொள்ளும். சீக்கிரம் பூத்தவை தாயின் சொந்த மகரந்தத்தில் வந்தவை. ஆகவே தாமதமாகப் பூப்பதைக் காத்து, தையில் விதை எடுங்கள்.

5. பொறுக்கும் பருவம். இந்த விதையைச் சித்திரைக் கடைசியில் ஊன்றுங்கள். குறும்பகல் காலத்தில் ஊன்றினால் எல்லாமே பூத்துவிடும், எது எது என்று தெரியாது. 40 செடியாவது வேண்டும். மொட்டு பார்க்க மட்டுமே என்பதால் சிறிய பைகள் போதும். எளிய கணக்குப்படி நாலில் ஒன்று ஆனியில் மொட்டு விடும், சில ஜோடிகளில் இன்னும் குறையும். அவற்றில் கொடி ஓடுபவையே நமக்கு வேண்டும். தெருவிளக்கு வெளிச்சம் படும் மூலையில் மட்டும் பைகளை வைக்காதீர்கள், பூப்பது தள்ளிப்போகலாம்.

வெயிலில் முதல் பூக்கள் உதிரும், பதறாதீர்கள். மொட்டு வந்த தேதிதான் முக்கியம். காய் பிறகு பிடிக்கும்.

6. சீக்கிரம் பூக்கும் குணம் இதற்குப் பிறகு பெரும்பாலும் மாறாது. காயின் ருசி, அகலம், நார் ஆகியவை நிலைக்க இன்னும் நான்கைந்து தலைமுறை வேண்டும். ஒவ்வொரு செடியின் காயையும் தனியாகச் சமைத்துப் பாருங்கள். பிடித்த செடியின் விதையைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, மொட்டு விட்ட தேதியை மேலே எழுதி வையுங்கள்.