உருளைக் கட்டு வயிறு தள்ளாமல் வர

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு மெஷினால் வைக்கோலை உருளையாகச் சுருட்டிக் கட்டுவது பற்றி எழுதுகிறான் என்று சிரிக்காதீர்கள், காலபோக (மாரி மழைக்கால நெல்) அறுவடை முடிந்ததும் கிளிநொச்சி வயலில் நிற்கிற ஆள்தான் நான்.

முதலில் ஈரம். ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பாருங்கள். மொடமொடவென்று முறிந்தால் சரி, துவண்டால் இன்னும் ஒரு வெயில் காயட்டும், ஈரத்தோடு இறுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடித்து மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

கட்டு பீப்பாய் மாதிரி நடுவில் புடைத்தால் பெரும்பாலும் பிழை மெஷினில் இல்லை, ஓட்டுகிறவரில்தான். வைக்கோல் வரிசை ஒடுக்கமாக இருந்தால் நடுவில் மட்டுமே ஏறும், அதனால் கொஞ்ச நேரம் மெஷின் வாயின் இடது ஓரமாக, அப்புறம் கொஞ்ச நேரம் வலது ஓரமாகக் கொடுங்கள். பாம்பு மாதிரி நெளிந்துகொண்டே ஓட்டினால் திரும்பவும் நடுவில்தான் குவியும். ட்ரக்டர் மெதுவாகப் போகட்டும், ஆனால் பி.டி.ஓ. (மெஷினை இயக்கும் ட்ரக்டரின் சுழல் தண்டு) சுற்றைக் குறைக்காதீர்கள், அநேக மெஷினுக்கு நிமிடத்துக்கு 540.

கயிறு விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே இரண்டு மூன்று சுற்று நெருக்கமாக விழ வேண்டும், நடுவில் ஐதாக இருந்தாலும் பரவாயில்லை. சிக்கினால் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கொழும்புக்கு லொறியில் ஏற்றுவதென்றால் தறப்பாள் கட்டாயம்.