பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோ எஞ்சின்: பிஸ்டனை விடுங்கள், முதலில் ஆயில் சீலைப் பாருங்கள்

"அக்கா, பிஸ்டன் கிட் வாங்கிட்டேன். போர் மட்டும் போட்டுக் குடுத்துருங்க, நாளைக்கே மாட்டிருவேன்." பட்டறைக்குப் பிளாக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) தூக்கிக்கொண்டு வருகிற புதுப் பையன்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஆயில் சீல் மாத்துனீங்களா தம்பி?" பாதிப் பேர் முழிப்பார்கள்.

கோயம்புத்தூர் கணபதியில் அப்பா வைத்த போரிங் பட்டறையை, அதாவது தேய்ந்த பிளாக்கின் உள்துளையான 'போரை'க் கடைந்து அளவாக்கும் பட்டறையை, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர்கள் கொண்டுவந்த பிளாக்குகள் போய், இப்போது ஆசைக்குப் பழைய ஆட்டோ வாங்கி, தாங்களே எஞ்சின் செய்து பார்க்க நினைக்கிறவர்களின் பிளாக்குகள் வருகின்றன. அவர்களுக்காகத்தான் இது. நான் சொல்லப்போவது பஜாஜின் பின் எஞ்சின் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோ பற்றி. பஜாஜ் 1959இல் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் செய்ய அரசிடம் உரிமம் வாங்கியது. முதலில் வந்த ஆட்டோக்களில் எஞ்சின் முன்னால் இருந்தது. பின் எஞ்சின் ஆட்டோ 1977இல் வந்தது. போர் 57 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 57 மி.மீ., கணக்குப் போட்டால் 145.45 சிசி. வெஸ்பா வழியில் வந்த சின்ன எஞ்சின். முதன்முதலில் கை வைக்க இதைவிட நல்ல எஞ்சின் கிடைப்பது கஷ்டம்.

வாங்கும் முன் ஒரு வேலை. எஞ்சின் நம்பர் கேஸில்தான், அதாவது எஞ்சினின் வெளிக்கூட்டில்தான், அடித்திருக்கும். அதை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம்பர் சேராவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். எஞ்சினை நீங்கள் ஓட வைத்துவிடலாம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை ஓட வைப்பது வேறு வேலை.

சீல் ஏன் முக்கியம்

டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு மேலே நடப்பது எல்லாருக்கும் தெரியும்: கலவை எரிகிறது, பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனுக்குக் கீழே நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான க்ராங்க் சுற்றுகிற அந்த அறைதான் பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கார்பரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் ஆயிலும் அந்த அறைக்குள் இழுபடும். கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு, பக்கவாட்டுப் போர்ட் (துளை) வழியாக மேலே ஏறும். அந்த அறை காற்றுப் புகாமல் இருந்தால்தான் கார்பரேட்டர் கொடுத்த அளவு அப்படியே மேலே போகும்.

க்ராங்க்கின் இரண்டு முனைகளும் கேஸை விட்டு வெளியே வருகிற இடத்தில் இரண்டு ரப்பர் சீல்கள். ஃப்ளைவீல் (க்ராங்க் முனையில் சுற்றும் கனமான சக்கரம்) பக்கச் சீல் தேய்ந்தால் அங்கிருந்து வெறும் காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறையும், ஆயிலும் குறையும், சூடு ஏறும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் கத்தும். பிளக்கைக் கழற்றினால் வெள்ளையாக இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் பிஸ்டன் போரைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கதை வேறு: கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும், புகை தள்ளும், பிளக் நனையும், கியர் ஆயில் மட்டம் காரணமே இல்லாமல் இறங்கும்.

இதை விட்டுவிட்டுப் புது பிஸ்டன் போட்டால், பழைய பிஸ்டனைத் தின்ற அதே காற்று புதுசையும் தின்னும். பிடித்துப்போன புது பிஸ்டனோடு திரும்பி வருகிற பிளாக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பழி என்னவோ போர் போட்டவர் தலையில்தான் விழும்.

கழற்றும்போது

கழற்றும் முன் வெளியில் ஒட்டிய மண்ணையும் ஆயில் பிசுக்கையும் டீசலும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவுங்கள். நின்றுபோன ஆட்டோ என்றால் பிளாக்கின் ஃபின்களுக்கு நடுவே குளவிக் கூடு கட்டாயம் இருக்கும், அதையும் நோண்டி எடுங்கள். இந்த எஞ்சினைக் குளிர்விப்பது ஃப்ளைவீலில் உள்ள விசிறிக் காற்றுதான். அந்தக் காற்றைப் பிளாக்குக்குத் திருப்பிவிடும் தகட்டு மூடியை "அப்புறம் மாட்டிக்கலாம்" என்று எடுத்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் படம் எடுங்கள். நட்டு போல்ட்டுகளை எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, தனித்தனிக் கவரில் போடுங்கள். ஃப்ளைவீலை எடுக்கப் புல்லர் வாங்கியே ஆக வேண்டும். சுத்தியலால் தட்டினால் க்ராங்க் கோணும். ஃப்ளைவீலுக்கு அடியில் அரை வட்டமாக ஒரு சின்னக் கீ இருக்கும், அதைத் தொலைக்காதீர்கள். டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், நிற்பதே அதை நம்பித்தான்.

கேஸின் இரண்டு பாதிகளும் ஜோடியாகச் சேர்த்துக் கடையப்பட்டவை. பழைய இரும்புக் கடையில் ஒரு பாதி கிடைத்தது என்று ஒட்டு வேலை செய்யாதீர்கள். பிரியாவிட்டால் நடுவில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பவும் கூடாது. சேரும் முகத்தில் விழுகிற ஒரு வடு போதும், காற்றுக்கு வழி கிடைத்துவிடும்.

க்ராங்க்கைக் கையில் பிடித்து, கனெக்டிங் ராடை (பிஸ்டனையும் க்ராங்க்கையும் இணைக்கும் தண்டு) மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். கொஞ்சமும் ஆடக் கூடாது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். மேல்-கீழ் ஆட்டம் இருந்தால் ராட் கிட் மாற்ற வேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள். பிரஸ்ஸில் பிரித்து, சேர்த்து, சென்டரில் வைத்து டயல் கேஜ் போட்டு நேராக்குகிற வேலை அது. தெரிந்த க்ராங்க் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

போர் போடக் கொண்டுவரும்போது

இது என் தொழில், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் பிளாக்கை அளக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் பிஸ்டன் வாங்க வேண்டும். போரின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையிலும் அளப்போம். போர் எப்போதும் வட்டமாகத் தேயாது. எந்த ஓவர்சைஸில் (பிஸ்டனின் அடுத்த பெரிய அளவு) போர்ச் சுவரின் கீறல்கள் மறையும் என்று அந்த அளவுதான் சொல்லும். ஏற்கெனவே எத்தனை முறை போர் போட்டிருக்கிறார்கள் என்பது பழைய பிஸ்டன் தலையில் அடித்திருக்கிற எண்ணிலேயே பெரும்பாலும் தெரியும். கடைசி ஓவர்சைஸும் முடிந்திருந்தால் போருக்குள் புது உறையான ஸ்லீவ் போட வேண்டும், அல்லது வேறு பிளாக் தேட வேண்டும்.

பிஸ்டன் வாங்கியதும் அதையே கொண்டுவந்து கொடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கிற எண்ணை நம்பி நான் போர் போடமாட்டேன். கையில் இருக்கும் பிஸ்டனின் பாவாடைப் பகுதியை மைக்ரோமீட்டரில் அளந்து, கம்பெனி சொன்ன இடைவெளியைக் கூட்டித்தான் போடுவேன். பிஸ்டனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எண்ணை மட்டும் கேட்டு வேலை செய்கிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்து பிளாக்கை வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உள்சுவரில் ஹோனிங் கோடுகள் (கல்லால் தேய்க்கும்போது விழும் மெல்லிய கீற்றுகள்) குறுக்கும் நெடுக்குமாகத் தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளத்தால் ரிங் உட்காராது, ஆயிலும் நிற்காது. இரண்டாவதை யாரும் சொல்லித் தருவதில்லை: போர்ட் விளிம்புகளில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். போர் போட்டதும் அந்த விளிம்பு பிளேடு போல இருக்கும். அதைக் கையால் மழுக்கித் தர வேண்டும். மழுக்காமல் மாட்டினால் ரிங் போர்ட்டைத் தாண்டும்போதெல்லாம் அதில் மாட்டி உடையும். விரலில் கீறினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

வீட்டுக்குப் போனதும் பிளாக்கைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் தூள் போகாது. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். காய்ந்த உடனே டூ-டி ஆயில் (பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயில்) தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருப்பிடிக்கும்.

சேர்க்கும்போது

கேஸுக்குள் பேரிங்கைத் தட்டி இறக்காதீர்கள். கேஸ் அலுமினியம், பேரிங் எஃகு. சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பேரிங்கை ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காலையில் கேஸை ஹீட் கன் வைத்துச் சுற்றிலும் சமமாகச் சூடாக்குங்கள். தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று ஆவியாக வேண்டும். அந்தச் சூட்டில் பேரிங் தன் எடையிலேயே இறங்கி உட்காரும்.

சீல்களை மறந்துகூடப் பழையதைப் போடாதீர்கள். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். கடையில் பல வருடம் கிடந்த ரப்பர் அதற்குத் தாங்காது. வைட்டான் (எரிபொருளைத் தாங்கும் ரப்பர்) சீல் கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். பொதுவாக ஸ்பிரிங் தெரிகிற பக்கம் க்ராங்க் அறையைப் பார்த்து இருக்கும். ஆனாலும் பழைய சீல் எப்படி இருந்தது என்று நீங்கள் எடுத்த படத்தோடு ஒத்துப் பாருங்கள். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, அளவான சாக்கெட்டை வைத்து நேராகத் தள்ளுங்கள். பேக்கிங்குக்கு (இரு பாகங்களுக்கு நடுவே வைக்கும் தாள்) ஷெல்லாக் பசை தடவினால் மெல்லிசாகத் தடவுங்கள். அப்பி வைத்தால் பிதுங்குவது உள்ளேதான் விழும்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் போர்ட்டைப் பார்க்க வேண்டும். மாட்டுமுன் ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். இந்த அளவு போருக்கு 0.2 முதல் 0.35 மி.மீ. வரை சரி. பிஸ்டன் காடியில் சின்ன ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும், ரிங்கின் வாய் அதில் பொருந்தி உட்கார வேண்டும். பொருந்தாமல் பிளாக்கை இறக்கினால் ரிங் முறியும். பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையம் இரண்டும் புதுசாக இருக்க வேண்டும். மாட்டும்போது க்ராங்க் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், துள்ளி விழுந்தால் மறுபடியும் கேஸைப் பிரிக்க வேண்டியதுதான். ஹெட் நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பி.பி. கருவி வைத்து ஒரு சோதனை

ஸ்டார்ட் செய்வதற்கு முன் இதைச் செய்யாதவர் வேலையை நான் முடிந்ததாகவே எண்ணமாட்டேன்.

சைலன்சர் வாயையும் கார்பரேட்டர் வாயையும் ரப்பர் ஷீட், தகடு வைத்து அடைத்துவிடுங்கள். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்து, அதன் இரும்புக் கூட்டில் ஒரு டியூப்பைக் காற்றுக் கசியாமல் ஒட்டுங்கள். டியூப்பின் மறுமுனையில் டயல் வைத்த பி.பி. கருவி, கைப்பட்டையைக் கழற்றிவிட்டு. பிஸ்டனை அடியில் நிறுத்துங்கள். அப்போதுதான் போர்ட் திறந்து மேலும் கீழும் ஒரே அறையாகும். பல்பை அழுத்தி டயலை 300க்குக் கொண்டுபோங்கள். அது ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ, இந்தச் சோதனைக்குப் போதுமானது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மட்டும் வைத்துவிடாதீர்கள், புதுச் சீல்களே பிதுங்கி வெளியே வந்துவிடும்.

முள் அசையாமல் நின்றால் அருமை. ஒரு நிமிடத்தில் 300இலிருந்து 50 புள்ளிக்கு மேல் குறைந்தால் எங்கோ கசிவு. சோப்பு நுரையை ஹெட், பிளாக் அடி, கேஸ் சேருமிடம், ஃப்ளைவீல் பக்கச் சீல் என்று ஒவ்வொரு இடமாகத் தடவுங்கள். நுரை கொப்பளிக்கிற இடம்தான் திருடன். வெளியே எங்கும் கொப்பளிக்கவில்லை, ஆனால் முள் இறங்குகிறது என்றால் கியர் ஆயில் ஊற்றும் துளையைத் திறந்து அங்கே நுரை வையுங்கள். அங்கே கொப்பளித்தால் கிளட்ச் பக்கச் சீல்.

ஓட விடும்போது

பாயிண்ட் (பொறி விழ மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த எஞ்சின் என்றால் இடைவெளி 0.4 மி.மீ., பிளக் 0.6 மி.மீ. சைலன்சரைக் குச்சி விட்டு ஆழம் பாருங்கள். பழைய கரி அடைத்திருந்தால் எஞ்சினுக்கு எவ்வளவு செய்தும் இழுக்காது. சுத்தம் செய்வதைவிடப் புதுசு வாங்குவது நிம்மதி.

வழக்கமாக லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில். புதுப் போருக்கு முதல் சில டேங்க் 30 மில்லி போதும். பயத்தில் 60, 70 என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆயில் கூடக் கூட கார்பரேட்டரின் அதே ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) வழியாகப் போகிற பெட்ரோல் குறையும், அதுவும் சூட்டில்தான் கொண்டுபோய் விடும்.

லீவரை இழுத்து ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் நெடுநேரம் விடாதீர்கள். சில நிமிடம் ஓட்டி, கை வைக்கிற சூட்டுக்கு வந்ததும் நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்து ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு ஆள் ஏற்றாமல், ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மருதமலை ஏற்றமெல்லாம் அப்புறம். பிளக் பழுப்பு நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்தால் உடனே நிறுத்தி அந்த பி.பி. கருவியை மறுபடியும் எடுங்கள். 500 முடிந்ததும் கியர் ஆயிலை இறக்கி, அளந்து பாருங்கள். ஊற்றியதைவிடக் குறைவாக வந்து, வெளியிலும் ஒழுகல் இல்லை என்றால், கிளட்ச் பக்கச் சீல் சரியாக உட்காரவில்லை. கூடுதலாக வந்து பெட்ரோல் வாசம் அடித்தாலும் அதே சீல்தான்.